முகத்தை மட்டும் எடுத்துவிடுவார்களாம்

தையலக்காவின் வீட்டுக்காரர் போட்டோ என்றாலே ஓட்டம் பிடிப்பார். கல்யாணப் படத்தில் சரியாக அந்த நேரம் பார்த்துத் தும்மி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். அடையாள அட்டையில் இருப்பது அவர்தான் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள். அப்படிப்பட்ட மனுஷன், தான் செத்தால் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "பிள்ளைங்க அறுத்துப் பாத்துப் படிக்கட்டுமே, நமக்கென்ன வலிக்கவா போகுது?" என்பார்.

அவர் செத்ததும் அக்காவும் அப்படியே கொடுத்துவிட்டாள். பிள்ளைகுட்டி கிடையாது. அதற்கப்புறம் அந்த வீட்டில் தையல் மெஷினைத் தவிர வேறு சத்தமில்லை. பேச ஆளில்லாத கொடுமைக்கு, ரவிக்கை தைக்க வருகிறவர்களுக்கு வேண்டுமென்றே இரண்டு தடவை அளவெடுப்பாள்.

ஒருநாள் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே பாடம் எடுக்கும் டாக்டரம்மா தங்கமான பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். அறுப்பதற்கு முன்னால் உடம்பு முழுவதையும் ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்களாம். வேறு கல்லூரிகளும் இப்போது அதைக் கேட்கிறார்களாம்.

"அவர் உடம்பத்தான் தந்தார். படத்தப் பத்தி அவர்கிட்ட யாரும் கேக்கலம்மா, அது எங்க தப்பு. வேணாம்னா அழிச்சிடுறோம். சரின்னா, முகத்த மட்டும் எடுத்துட்டு அனுப்புவோம். யாருக்கும் அடையாளம் தெரியாது."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முகம் இருக்கா?"

"இருக்கு. பாக்குறீங்களா?"

பார்க்க வேண்டும். வேறெதற்கும் அக்கா இப்படி ஏங்கியதில்லை. டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பப் போனாள்.

"இருங்க, திருப்பாதீங்க."

"ஏம்மா? அவருக்குத் தெரியவா போகுது?"

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே!" அக்காவின் குரல் உடைந்தது. "கத்திக்குத்தான் சரின்னு சொன்னாரு அந்த மனுஷன். கேமராவுக்குச் சொல்லல. அழிச்சிடுங்க."

"அழிச்சா திரும்ப வராது. நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிச்சா பாத்துடுவேன். இப்பவே அழிங்க."

டாக்டரம்மா அழித்தாள். அக்கா அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் மூக்கோரத்தில் ஒரு மச்சம் உண்டு. அது வலது பக்கமா, இடது பக்கமா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், அதைச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான்.