ஒரே தடவையில் ஏற ஒரு வண்டி

பழைய வாகனத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் நோயைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவன் கண்டி டவுனில் இருந்தான் என்றால் அது நான்தான். போனட்டைத் திறக்க வேண்டாம், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். தூரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்தாலே போதும்.

பொய். போனட்டை எந்தப் பக்கத்தால் திறப்பது என்றே எனக்குத் தெரியாது. ஒருமுறை திறந்து வைத்திருந்த போனட்டைப் பார்த்து, "ஐயோ, எங்க கொண்டு போய் இடிச்சீங்க?" என்று சொந்தக்காரனிடம் துக்கம் விசாரித்தவன் நான். எனக்குத் தெரிந்தது தேங்காய். மார்க்கெட்டில் தேங்காய்க் கடை வைத்திருந்தேன். விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டு, முற்றலா இளசா என்று சொல்வேன். அதிலும் பாதி பிழையாகிவிடும். பள்ளிக்கூடம் என்னை இரண்டாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. இரண்டு தரப்புக்குமே அது நிம்மதி.

இப்படிப்பட்டவன்தான் ஐந்து பிள்ளைகளை ஏற்ற ஒரு வாகனம் தேடிக் கிளம்பினேன். தமிழர் வீடுகளை எரித்த எண்பத்து மூன்று கலவரம் நடந்து சில வருடம் ஆகியிருந்தது. வடக்கில் சண்டை மூண்டு, எங்கள் பக்கத்துச் சந்திகளிலும் மணல் மூட்டை அடுக்கி ஆமிக்காரர் நின்ற காலம்.

வாகனம் கேட்டது என் மனைவி. எனக்குச் சீட்டு விழுந்திருந்தது. காசை அவள் கையில் கொடுத்து, "காப்பு செஞ்சுக்க" என்றேன், பெரிய மகாராஜா மாதிரி.

"காப்பு வேணாம். நம்ம எல்லாரும் ஒரே தடவையில ஏறுற மாதிரி ஒரு வண்டி வாங்குங்க."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் போறதுக்கு இல்ல. ஏறுறதுக்கு."

எனக்கு விளங்கவில்லை. விளங்காதபோது தலையாட்டுவது என் வழக்கம். ஆட்டினேன்.

மார்க்கெட்டில் யோசனை கேட்டேன். அதுதான் நான் செய்த முதல் மடத்தனம். வான் வாங்கு என்றான் வெங்காயக் கடைக்காரன். வானைத்தான் சந்திக்குச் சந்தி மறிக்கிறார்கள், கார் வாங்கு என்றான் கருவாட்டுக் கடைக்காரன். டீசல் என்றான் ஒருவன். டீசல் வண்டி மலை ஏறும்போது ஊரே எழும்பும் என்றான் மற்றவன். சிவப்பு நிறம் வேண்டாம், அதைக் கண்டால் சந்தேகப்படுவார்கள் என்றார் வெற்றிலைக்காரக் கிழவர். கறுப்பும் வேண்டாம், பச்சையும் வேண்டாம். கடைசியில் பார்த்தால், நிறமே இல்லாத வண்டி ஒன்றைத்தான் தேட வேண்டும் போலிருந்தது.

பக்கத்துக் கடை நானாதான் கை கொடுத்தார். பழைய சைக்கிளில் இருந்து பழைய வீடு வரைக்கும் விற்றுக் கொடுக்கிற தரகர். முஸ்லிம் மனிதர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

முதலில் என்னையும் என் மனைவியையும் கம்பளைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு சிங்கள முதலாளியிடம் நீல வான் ஒன்று இருந்தது. கண்ணாடிக்கெல்லாம் சுருக்கு வைத்த திரைச்சீலை, பாட்டுப் பெட்டி, அதற்கு மேல் குட்டி மின்விசிறி. மின்விசிறியைக் கண்டதும் நான் விழுந்துவிட்டேன். ஆனாலும் விஷயம் தெரிந்தவன் போல் ஏதாவது செய்ய வேண்டுமே. தேங்காயைச் சுண்டுகிற மாதிரி பக்கத்துத் தகரத்தைச் சுண்டிக் காதை வைத்தேன். முன்னால் 'டங்' என்றது. பின்னால் 'தொப்' என்றது. இன்னொருமுறை சுண்டினேன். மறுபடி 'தொப்'.

முதலாளியின் முகம் மாறிப் போயிற்று. நானாவைத் தனியே கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். திரும்பி வந்த நானா என் காதில் குசுகுசுத்தார்.

"தம்பி, இத எங்க படிச்ச நீ? அந்த எடம் இடிபட்டு, பட்டி பூசி பெயின்ட் அடிச்சீக்கி. அத மறைக்கப் பாத்த மனிசன் இப்ப வெலயக் கொறைக்கிறன் எண்டு செல்றாரு!"

"ம்ம்" என்றேன். அப்போது நான் யோசித்துக்கொண்டிருந்தது, அந்த மின்விசிறி இடமிருந்து வலம் சுற்றுமா, வலமிருந்து இடம் சுற்றுமா என்பதை.

என் மனைவி தகரத்தைப் பார்க்கவில்லை, விசிறியையும் பார்க்கவில்லை. "புள்ளைங்க ஏறுற கதவு எத்தன?" என்று கேட்டாள். ஒன்று. இழுத்துத் திறக்கிற கதவு. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. முதலாளி வந்து இழுத்தார். பிறகு நானாவும் சேர்ந்து இழுத்தார். கதவு ஒரு சத்தம் போட்டுப் பாதியில் நின்றது.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.

பஸ்ஸில் நான் சண்டை பிடித்தேன். "பாட்டு இருக்கு, காத்து இருக்கு, திரை இருக்கு. வேற என்னதாண்டி வேணும்?"

"இது எதுவும் நம்ம வீட்டுல இல்ல. அதுக்காக வீட்ட வேணாம்னு சொன்னோமா?"

அதற்கும் தலையாட்டினேன்.

அடுத்தது கட்டுகஸ்தோட்டை. இந்த முறை ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வண்டிக்காரர் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், கச்சேரியில் பெரிய அரசாங்க உத்தியோகம். குடும்பத்தோடு வெளிநாடு போகிறாராம். முற்றத்தில் நீளமான வேகன் ஒன்று நின்றது. பிரேதம் கொண்டுபோகிற வண்டியைவிட ஒரு முழம் நீளம் இருக்கும். வெள்ளையும் இல்லாத, மஞ்சளும் இல்லாத ஒரு நிறம். விசிறி கிடையாது. ஆனால் இருக்கை மூன்று வரிசை. பக்கத்துக்கு இரண்டாய் நாலு கதவு, பின்னால் மேலே தூக்குகிற கதவு வேறு.

முன் கண்ணாடியில் ஒரு புத்தர் படம் ஒட்டியிருந்தது. ஐயாவின் நெற்றியைப் பார்த்தேன், மூன்று குறி விபூதி.

"ஐயா நீங்க சைவம்தானே?"

"ஓம்."

"அப்ப இது?"

"அது ரோட்டுக்கு. என்ர ஆள் இஞ்ச இருக்கிறார்" என்று முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு டோர்ச் லைட்டுக்கும் பழந்துணிக்கும் நடுவில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

"நானும் எங்கட ஒண்ட ஒட்டிட்டா பெட்ரோல் இல்லாமலே ஓடுமே ஐயா!" என்றார் நானா.

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் மண்டை காய்ந்தது. இதை வாங்கினால் அந்தப் படத்தை எடுப்பதா, விடுவதா? எடுத்தால் யாராவது கல் எறிவானோ? விட்டால் சாமி கோபிக்குமோ? கோபித்தால் எந்தச் சாமி?

நான் இப்படிக் குழம்பிக்கொண்டு நிற்கும்போது, என் மனைவி பிள்ளைகளை ஐயாவின் விறாந்தையில் கொண்டுபோய் வரிசையாக உட்கார வைத்தாள். வண்டிக் கதவுகளை எல்லாம் சாத்தினாள். திரும்பி வந்து, "ஓடுங்க! ஏறுங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

ஐந்தும் பாய்ந்தன. ஒன்று பூச்சாடியைத் தட்டிவிட்டது. இரண்டு பேர் ஒரே கதவில் முட்டிக்கொண்டார்கள். கடைசிப் பயல் பின் கதவால் ஏறி ஓடிவந்து முன் கதவால் இறங்கிவிட்டான்.

"இன்னொரு தடவ" என்றாள் என் மனைவி.

ஐயா என்னைப் பார்த்தார். நான் நானாவைப் பார்த்தேன். நானா வானத்தைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? கார் வாங்க வந்தனீங்களோ, இல்லாட்டி விளையாட்டுப் போட்டியோ?" என்று ஐயா கேட்டார். அவள் பிள்ளைகளை இறக்கி, கதவுகளை மறுபடி சாத்தினாள். ஐயா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பின் கதவை உள்ளுக்கிருந்தும் திறக்கலாம், பிள்ளை. நான்தான் செய்வித்தனான்."

அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கு இன்னும் இல்லை.

இரண்டாவது தடவை சுருக்காக ஏறினார்கள். வெளியே நின்றது பெரியவள் மட்டும். தம்பி தங்கைகளை உள்ளே தள்ளி, விரல் நசுங்காமல் பார்த்துக் கதவை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றாள்.

"நீ ஏறல?" என்றாள் தாய்.

"எடம் பத்துமான்னு பாத்துட்டு ஏறுறேன்."

"பத்தும்."

"நீங்க ஏறுங்கம்மா. நான் பொறகு வர்றேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் என் மரமண்டையில் வெளிச்சம் விழுந்தது.

கலவரம் வந்த அந்த ஆடி மாதம் டவுன் பக்கம் புகை எழும்பியபோது, அடுத்த வீட்டுச் சிங்களவர், நாங்கள் மரியாதையாக மஹத்தயா என்கிறவர், தன்னுடைய சின்னக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பேராதனைப் பக்கம் தன் தங்கை வீட்டில் எங்களை விட்டுவிடுவதாகச் சொன்னார். ஒருவர் மேல் ஒருவராக ஏறினோம். கதவு சாத்தவில்லை. அப்போது பெரியவளுக்குப் பத்து வயது. தானாகவே இறங்கி நின்று, "நீங்க போங்க, நான் பொறகு வர்றேன்" என்றாள். மஹத்தயாவின் மனைவி அவளைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் கூட்டிப் போனார். அடுத்த தடவை வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று புறப்பட்டோம். பாதையை மறித்துவிட்டார்கள். மஹத்தயா திரும்பிப் போய் அவளைக் கொண்டுவந்து சேர்க்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவள் கையில் மஹத்தயாவின் மனைவி கொடுத்த வாழைப்பழம் ஒன்று இருந்தது, உரிக்காமல்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு பஸ்ஸில் கடைசியாகத்தான் ஏறுவாள். கோயிலில் கடைசி. வீட்டில் சாப்பிட உட்காருவதும் எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான். நல்ல வளர்ப்பு என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். என்னைத்தான் பாராட்டுகிறார்கள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். தாய்க்கு மட்டும் எது எதனால் என்று தெரிந்திருக்கிறது.

"எல்லாரும் எறங்குங்க" என்றாள் என் மனைவி. இறங்கினார்கள். பெரியவளின் தோளைப் பிடித்து வண்டிப் பக்கம் திருப்பினாள். "இப்ப மொதல்ல நீ."

"அம்மா, சின்னவன்..."

"அவன நான் பாத்துக்கிறேன். ஏறு."

பெரியவள் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். குனிந்து உள்ளே போய், கடைசி வரிசையின் மூலையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மற்றதுகள் பின்னால் ஏறின. தாய் ஏறினாள். நானும் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினேன். எல்லாக் கதவும் சாத்தியது.

"அம்மா, இங்க இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்கு" என்று பின்னால் இருந்து பெரியவளின் குரல் கேட்டது.

என் மனைவி முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இதுதான்" என்றாள்.

நான் முற்றத்தில் நின்றவர்களைப் பார்த்துக் கம்பீரமாகத் தலையாட்டினேன். இந்த முறை விளங்கித்தான் ஆட்டினேன். எல்லோரும் எதற்கோ காத்திருக்கிற மாதிரி நின்றார்கள்.

"தம்பி," என்றார் நானா ஜன்னலுக்குள் குனிந்து, "இத ஓட்டுறது ஆரு?"

என் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். ஸ்டியரிங் இருந்தது, ஆள் இல்லை. வண்டி, நிறம், கதவு, சாமி என்று எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் இந்த ஒன்றை யோசிக்கவில்லை. எனக்குச் சைக்கிளே சரியாக வராது.

"அப்பா, நீங்க ஓட்ட மாட்டீங்களா?" என்றான் கடைசிப் பயல்.

"ஓட்டுவேன்டா. ஆனா இன்னைக்கு நாள் சரியில்ல."

பின்னால் பெரியவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அதற்காகவே இன்னும் ரெண்டு வண்டி ஓட்டத் தெரியாமல் இருக்கலாம் போலிருந்தது.

காசைக் கொடுத்து, ஐயா காட்டிய இடத்திலெல்லாம் பேரை எழுதிக் கொடுத்தேன். நானாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆமிக்காரன் ஒருவன் கையைக் காட்டினான். நிறுத்தினோம். அவன் குனிந்து கண்ணாடியில் இருந்த புத்தரைப் பார்த்தான். நானாவின் தொப்பியைப் பார்த்தான். என் மனைவியின் பொட்டைப் பார்த்தான். மூன்று வரிசையிலும் இருந்த தலைகளைப் பார்த்தான். என்னைவிட அதிகமாகக் குழம்பிய மனிதனை நான் அன்றுதான் கண்டேன். "இது யாருடைய வாகனம்?" என்று சிங்களத்தில் கேட்டான். நானா என்னைக் காட்டினார். நான், எங்கிருந்து வந்த பயமோ, நானாவைக் காட்டினேன். அவன் துவக்கைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கதவில் கை வைத்தான். அந்த நேரம் பார்த்து, பின்னால் இருந்த என் கடைசிப் பயல் சத்தமாக...

"அப்பா! இன்னும் எழுதிக்கிட்டா இருக்கீங்க?"

இது அன்றைய குரல் இல்லை, இத்தனை வருடம் கழித்து இன்றைக்கு வாசலில் ஹார்ன் அடிக்கிறது. பெரியவள்தான். புசல்லாவையில் ஒரு கல்யாணம். வண்டியை அவள்தான் ஓட்டுவாள், அதனால் எங்கே போவதென்றாலும் முதலில் ஏறுகிறவளும் அவள்தான்.

"ஆமிக்காரன் கதவுல கை வச்சிட்டான்மா! இந்த எடத்துல எப்படி விட்டுட்டு..."

"அவன் அங்கேயே நிக்கட்டும். எல்லாரும் ஏறியாச்சு, நீங்க மட்டுந்தான் பாக்கி. வாங்க!"

வர்றேன், வர்றேன். ஒரு காலுக்குச் செருப்பு இருக்கிறது. மற்றதை இங்கேதான் எங்கேயோ