பனிமலைக்காரன் பிழைத்தானா?

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஐம்பத்து நான்கு வயதில் அவளுக்கு இமயமலையில் நடக்க வேண்டும் என்று ஆசை வந்தது. கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் நான்கு பேர் கிளம்புகிறார்கள், இவளும் போகிறாளாம். எனக்கு மலை என்றாலே ஆகாது. மலைக்கோட்டையிலேயே தாயுமானவர் சன்னதியோடு நின்று, உச்சிப் பிள்ளையாருக்கு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்குகிற ஆள் நான். அவளை நினைத்துப் பயமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல மானம் இடம் தரவில்லை.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். பனிமலையில் சிக்கியவர்களைப் பற்றிய வெளிநாட்டுத் தொடர் ஒன்று தமிழ் டப்பிங்கில் கிடைத்தது. ஒரு வாரம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். பனி சரிந்தது, கயிறு அறுந்தது, ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு உள்ளூரப் பரம திருப்தி. கடைசிப் பகுதிக்கு முன்னால் நானே வாயைக் கொடுத்தேன்.

"மிச்சம் இருக்கறது ஒருத்தன்தான். அவன் பொழச்சா நீ போயிட்டு வா. செத்துட்டா பேசாம வீட்ல இரு."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாதுங்க" என்றாள்.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். கடைசியில் அவன் பனியில் தவழ்ந்து வருகிறான், கண் மூடுகிறது. அடுத்த காட்சி அவன் வீடு. மனைவி அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டு, மேஜையில் இரண்டு கோப்பை வைக்கிறாள். கதவு திறக்கிறது. திரை முழுக்க வெள்ளை. அவ்வளவுதான், முடிந்தது. எடுத்தவன் கையில் கிடைத்தால் இரண்டு அறை விட்டிருப்பேன்.

"செத்துட்டான். அதெல்லாம் சாகும்போது வர்ற நெனப்பு" என்றேன்.

"சாவு வீட்ல அடுப்பு எரியுமாங்க? அவ காபி போடறா. அவன் வந்துட்டான்."

பஞ்சாயத்து கீழ்வீட்டு மாமாவிடம் போனது. கோயில் கைங்கரியத்திலேயே ஊறியவர். தொடரை அவரும் பார்த்திருந்தார்.

"சந்தேகமே வேண்டாம். ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டான்" என்றார். செத்துப்போனதை வைணவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "கதவு திறந்து ஒரே பிரகாசமா இருந்ததோல்லியோ? அது சாட்சாத் சொர்க்கவாசல்."

எனக்கு வாயெல்லாம் பல். என் மனைவி அசரவில்லை.

"வருஷா வருஷம் வைகுண்ட ஏகாதசிக்கு நீங்களுந்தான் சொர்க்கவாசல் வழியா போறீங்க, மாமா. நேரா வீட்டுக்கு வந்து மாமிகிட்ட காபிதானே கேக்கறீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். "அதுவும் வாஸ்தவம்தான் ஓய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் கிளம்பிப் போனாள். முதல் இரண்டு நாள் போன் வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை, நான்காம் நாளும் இல்லை. மேலே டவர் கிடைக்காது என்று சொல்லித்தான் போயிருந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் காபி போட்டு மேஜையில் வைத்த பிறகுதான் கவனித்தேன், இரண்டு டம்ளர். அந்த வெளிநாட்டுக்காரிக்கும் அவன் வருவானா என்று தெரிந்திருக்காது. தெரியாமல்தான் வைத்திருக்கிறாள். பாவம் என்றிருந்தது. கொட்ட மனசில்லாமல் இரண்டையும் நானே குடித்தேன்.

மத்தியானம் போன் அடித்தது.

"எறங்கிட்டோங்க. சாப்பிட்டீங்களா?"

காலி டம்ளர் இரண்டும் இன்னும் மேஜையிலேயே இருந்தன.

"அந்த ஆளு பொழச்சுட்டான்டி" என்றேன்.