புத்த பூர்ணிமாவுக்குக் கடை லீவாம்!

"நாளை புத்த பூர்ணிமா, டாஸ்மாக் லீவு" என்று போனில் வந்ததை அப்படியே எங்கள் திண்டிவனம் தெரு குரூப்பில் போட்டுவிட்டேன். மகாவீர் ஜெயந்திக்கு மூடுகிறார்களே, புத்தருக்கும் மூடுவார்கள் என்று நம்பினேன்.

மறுநாள் மதியம் மாமா ஒரு பாட்டிலோடு வந்தார். பிளாக்கில் வாங்கினாராம். லேபிள் கோணலாக இருந்தது, மூடி தொட்டாலே சுற்றியது.

"மாமா, இது சரியில்ல. குடிக்காதீங்க."

"நீதான மாப்ள லீவுன்னு போட்ட? இப்ப நீயே பேஜாரு பண்ணிக்கினு இருக்க."

"உங்கள முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓட என்னால முடியாது. கொஞ்சம் பொறுங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். திறந்திருந்தது, வழக்கமான கூட்டம். போட்டோ எடுத்து அனுப்பியதும் மாமா பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார்.

அந்தச் செய்தியை எனக்கு அனுப்பிய நண்பனைக் கேட்டால், "எனக்கும் யாரோ அனுப்பினாங்கடா" என்கிறான். லீவு என்று கிளப்பிவிட்டால் யாருக்கு லாபம்? பிளாக்கில் விற்கிறவன் மேல்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.

"கடை திறந்திருக்கு, பிளாக்கில் வாங்காதீங்க" என்று குரூப்பில் போட்டேன். "இதையாவது பாத்துட்டுப் போட்டியா தம்பி?" என்றார் எதிர்வீட்டு அண்ணன்.

இப்போதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.