நான் எடுத்த வீடியோ

பி.எட். படித்தபோது கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்குப் பயிற்சிக்குப் போனேன். இனி போன் இல்லாமல் பாடமே நடத்த முடியாது என்று அப்போது எல்லோரிடமும் வாதாடுவேன். என் வகுப்புகளை வீடியோ எடுத்து, கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன்.

ஒருநாள் ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி மலையாளப் பாடம் வாசித்தாள். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் மகள். ஒரு சொல்லில் நாலு முறை திக்கிவிட்டு, ஐந்தாவது முறை சரியாகச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் குழுவில் போட்டேன்.

மதியம் பார்த்தால், திக்கிய இடத்தை மட்டும் வெட்டி, பாட்டு சேர்த்து, ஒருத்தி திரும்பப் போட்டிருந்தாள். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். எல்லோரும் நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்கள். எனக்கு அவர்கள் மீது அருவருப்பு வந்தது.

போட்டவளும் கொச்சியிலேயே வளர்ந்த தமிழ்ப்பெண்தான். போன் செய்து அழிக்கச் சொன்னேன்.

“சும்மா தமாசுக்குப் போட்டதாக்கும் சேச்சி. எடுத்தது நீங்கதானே?” என்றாள்.

அழித்துவிட்டாள். அதற்குள் எத்தனை பேருக்குப் போனதோ, தெரியாது.

மறுநாள் அந்தச் சிறுமியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

“என்னைய எடுக்கப் போறீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே டீச்சர்.”

அந்தக் குழுவிலிருந்து விலகினேன். வகுப்பில் போன் வேண்டும் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் பிள்ளைகள் பக்கம் கேமராவைத் திருப்ப எனக்குக் கை கூசுகிறது. மற்றவர்கள் மீது வந்த அருவருப்பு கொஞ்சம் ஆறிவிட்டது. என் மீது வந்தது ஆறவில்லை.