மனோகரன் கன்னத்துத் தழும்பு

மனோகரனின் முகத்தை இருபத்தெட்டு வருஷமாகத் தொட்டு வருகிறவன் நான். அண்ணனூர் ஸ்டேஷன் ரோட்டில் கோபி சலூன் என்று போர்டு மாட்டியிருக்கிற கடை என்னுடையது. அந்த முகத்தில் எங்கே முடி சுழித்து வளரும், எங்கே பழைய பருக்குழி என்று அவனைப் பெற்றவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கன்னத்திலும் நேருக்கு நேராக, மிளகு அளவுக்கு ஒவ்வொரு தழும்பு உண்டு. கத்தி அங்கே வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். அந்தத் தழும்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அந்த வாயால் நான் செய்த கெடுதலும் இதில் வரும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் அவனுக்கு வேலை. நாள் முழுக்கத் தகடு வெட்டுவான். தகடு என்றால் கையைக் கிழிக்காமல் விடாது. மற்றவர்கள் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவன் மட்டும் பாக்கெட்டில் எப்போதும் பழைய பனியன் துணி வைத்திருப்பான். ஒரு சின்னக் கீறலுக்கு அரை நாள் துணி சுற்றிக்கொண்டு திரிவான். மனோகரன் நிற்கிற மிஷினுக்குத் தினமும் ஆயுத பூஜைதான், குங்குமம் தனியாக வைக்க வேண்டாம் என்று ஷாப்பில் கேலி பண்ணுவார்கள்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? சவரம் செய்யும்போது கத்தி லேசாகப் பட்டால், மற்றவர்களுக்குப் படிகாரக் கல்லை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இவனுக்குத் தேய்த்துக்கொண்டே நிற்க வேண்டும். கல் கரைவதுதான் மிச்சம். கடைசியில் இவனுக்கென்றே தனியாக ஒரு கல் வாங்கி வைத்துவிட்டேன். "உன் ஒடம்புல கீறது ரத்தமா, கார்ப்பரேஷன் கொழாயாடா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். இதைத் தனிக் கல் வாங்குகிற அளவுக்குக் கவனித்தவன், ஏன் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அவன் கட்டிக்கொண்டது தாய்மாமன் மகள் நாகவல்லியை. மாமா, மாமா என்று அவன் பின்னாலேயே வளர்ந்தவள். அவர்களுக்கு மூத்தது பெண், லாவண்யா. தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ஒரு வாரம் ரத்தம் கசிந்த குழந்தை. தவழ ஆரம்பித்ததும் முட்டியெல்லாம் நீலம். நாலு வயதுக்குள் எத்தனை முறை மூக்கில் ரத்தம் வந்தது என்று கணக்கே இல்லை. சூட்டு உடம்பு என்று ஒருத்தர் இளநீர் கொடுக்கச் சொன்னார், பித்தம் என்று ஒருத்தர் கஷாயம் சொன்னார். ஒரு தடவை இரண்டு நாள் நிற்காமல் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் ஏற்றித்தான் அனுப்பினார்கள். குழந்தைக்கு ரத்தம் கம்மி, கீரை கொடுங்கள் என்றார்கள்.

அந்த ஆடியில்தான் மனோகரன் எங்கள் தெரு அம்மனுக்கு வேண்டிக்கொண்டான். மகளுக்கு ரத்தம் நிற்கட்டும், நான் இரண்டு கன்னத்திலும் அலகு குத்திக்கொண்டு வருகிறேன் என்று. காப்புக் கட்டி ஒன்பது நாள் விரதம். பாயில் தனியாகப் படுத்தான். ஒரு வேளைச் சாப்பாடு. பீடியைக்கூட விட்டான், அது எனக்குத் தெரியும். ஏனென்றால் அவன் பீடி பிடிக்கிற இடமே என் கடை வாசல்தான்.

எங்கள் தெருவில் அலகு குத்துகிறவர் செங்கல்வராயன். கை நடுங்காத மனிதர். குத்துவார், திருநீறு வைத்து அழுத்துவார், ஒரு சொட்டுகூட வெளியே வராது. விரதம் சுத்தமாக இருந்தால் ரத்தம் வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வந்தால், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. அன்றைக்கு முப்பத்திரண்டு பேருக்குக் குத்தினார். முப்பத்தொரு பேருக்கு ஒன்றும் இல்லை.

மனோகரனுக்குக் கோயிலைச் சுற்றி வரும்போதே அலகு வேலின் ஓரத்தில் கசிந்தது. அலகை உருவினதும் கொட்டியது. மஞ்சள் துண்டு நனைந்து, மார்பெல்லாம் வழிந்து, கோயில் வாசல் சிமெண்டில் சொட்டியது. பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். செங்கல்வராயன் கை நிறையத் திருநீற்றை அள்ளி அள்ளி அப்பினார், நிற்கவில்லை. நாகவல்லி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

மறுநாள் என் கடையில் அதுதான் பேச்சு. ஒருத்தன் குடித்திருப்பான் என்றான். ஒருத்தன் பொம்பளை விஷயம் என்றான். நான் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "சும்மாவா ரத்தம் வரும், எதுனா பண்ணியிருப்பான்" என்று சொன்னேன். அவன் பீடியை விட்டவன் என்று தெரிந்த நான்தான் அதைச் சொன்னேன். கடையில் சொன்னது சாயங்காலத்துக்குள் நாகவல்லி காதுக்குப் போய்விட்டது.

அலகு குத்தின பதினோராம் நாள் லாவண்யா கட்டிலிலிருந்து விழுந்தாள். முழங்கால் உயரக் கட்டில். சும்மா நெற்றி இடித்தது, அழுதாள், விளையாடப் போய்விட்டாள். மறுநாள் வாந்தி எடுத்தாள். பிறகு எழுப்ப எழுப்பத் தூங்கினாள். ஆட்டோவில் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துபோனது.

குழந்தையை எடுத்துப்போன பிறகு நாகவல்லி அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தெருவே கேட்கும்படி கேட்டாள்.

"இன்னா பண்ணே நீ? அந்த ஒம்போது நாள்ல இன்னா பண்ணே, சொல்லு."

அவன் கன்னத்துப் புண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அன்றிலிருந்து அவள் அவனை மாமா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து ஷர்மிளா பிறந்தாள், அப்புறம் அவள் வாயில் அவன் 'ஷர்மிளா நைனா' ஆனான். சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஒரு வீட்டில் இருந்தாள். ஆனால் ஒவ்வொரு ஆடியிலும் அவள் கோயிலுக்குள் போவாள், அவன் செருப்பு விடுகிற இடத்தில் வெளியே நிற்பான். இருபத்து மூன்று வருஷம் அப்படி நின்றான்.

ஒரு தடவை என்னிடம் சொன்னான். "கோபி, நான் யோசிச்சி யோசிச்சி கண்டுபுட்சேன். அஞ்சாம் நாளு கேன்டீன்ல சாம்பார் ஊத்தினான் பாரு, அந்தக் கரண்டி முட்டைக் கொழம்புல போட்ட கரண்டியா இருக்கும். வேற எதுவும் இல்ல. சத்தியமா இல்ல." வேறு ஆசையே அவனுக்கு இல்லை. சாவதற்குள் ஒரு நாள், தான் விரதத்தைக் கெடுக்கவில்லை என்று நாகவல்லி நம்ப வேண்டும். ஆனால் அவனுக்கே அதில் நிச்சயம் இல்லை. ஒரு கரண்டியைக் கட்டிக்கொண்டு அழுதான் பாவி.

போன வருஷம் ஷர்மிளாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். மூன்றாம் நாளும் ரத்தம் நிற்கவில்லை. பல் டாக்டர் சின்னப் பெண். பாரிவாக்கம் பக்கம் புதிதாக வந்த ஃபிளாட்டில் குடியிருக்கிற திருநெல்வேலிக்காரப் பெண். ஷர்மிளாவைக் கூட்டிக்கொண்டு போன மனோகரனிடம், "வீட்ல வேற யாருக்காவது இப்படி ரத்தம் நிக்காமப் போனதுண்டா?" என்று கேட்டிருக்கிறாள்.

"எல்லாருக்கும்தான்மா. எங்க ஊட்டு ரத்தமே அப்டித்தான்" என்றான் இவன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாளாம். அடிபடாமலே உடம்பில் நீலம் வருமா, மூக்கில் வருமா, பல் தேய்த்தால் வருமா, வீட்டுப் பெண்களுக்கு மாதாமாதம் எத்தனை நாள் போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இவன் தலையை ஆட்டினான். நாகவல்லிக்கு ஒன்பது நாள் போகும். வேலை பார்க்கிற எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கறுப்பு, கருநீலம் தவிர வேறு நிறத்தில் சேலை கட்டிப் போனதில்லை, பையில் மாற்றுச் சேலை இல்லாமல் வீட்டை விட்டு இறங்கியதில்லை. அவள் அம்மாவுக்கும் அப்படித்தானாம். அதனால் அதை ஒரு நோய் என்று யாரும் நினைக்கவில்லை. மூக்கு நீளம், கண் சின்னது என்பதுபோல அதுவும் குடும்பத்தோடு வந்தது என்று விட்டுவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வாங்கப் போன புதன்கிழமை நாகவல்லிக்கு லீவு கிடைக்கவில்லை, மனோகரன் மட்டும் போனான். மத்தியானம் நேராக என் கடைக்கு வந்தான். வேறு ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி முன்னால் பலகையில் சிந்தியிருந்த பவுடரில் விரலால் இரண்டு கோடு போட்டான்.

"பொறப்புலயே வர்றதாம் கோபி. ரத்தம் ஒறையறதுக்கு ஒண்ணு வேணுமாம், அது எங்களுக்குக் கம்மியாம். இன்னாவோ வான் வில்லின்னு ஒரு பேரு, சீட்டுல கீது. அலகு குத்தினா உங்களுக்கு வராம எப்டி இருக்கும்னு டாக்டர் கேக்குறாரு."

நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அந்தக் கரண்டி இல்ல கோபி" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், முகம் கோணி அழுகையாகிவிட்டது. நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. அலகு குத்தின மறுநாள் கடையில் நான் சொன்ன வார்த்தையை அவனிடம் ஒப்புக்கொண்டேன். தெரியும் என்றான். இத்தனை வருஷமும் தெரிந்துதான் என் கத்திக்கு முகத்தைக் காட்டியிருக்கிறான்.

"போடா, போய் மொதல்ல அவகிட்ட சொல்லு" என்றேன்.

அவன் பவுடர்க் கோடுகளைக் காட்டினான். "ஒரு கோடு மட்டும் வந்தா ஷர்மிளா மாரி. மருந்து குட்த்தா நிக்கும். ரெண்டு கோடும் ஒண்ணா வந்தா லாவண்யா மாரி. அந்தப் புள்ளைக்குத் தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும், அப்டித்தான் இருந்திருக்கும்னு சொல்றாரு. ஒரு கோடு நானு. இன்னொண்ணு அவ." கையால் பலகையைத் துடைத்தான். "நான் கெடுக்கலன்னு சொல்லணும்னா இதையும் சொல்லணும். எப்டிடா சொல்றது?"

 எல்லாவற்றுக்கும் வாய் வைத்திருக்கிற நான் அவனுக்கு ஒரு டீ வாங்கி வரக் கிளம்பினேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். காலையில் அவனுக்குச் சோப்பு தடவி ஒரு கன்னம் முடித்திருந்தேன். நாகவல்லி கையில் கூழ்த் தூக்கோடு கடை வாசலில் வந்து நின்றாள். அவள் என் கடைப் படியேறியதே இல்லை. நோயைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தான், அவளுக்கும் லேசாக இருக்கிறது, எந்த ஆபரேஷன் என்றாலும் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதுவரை சொல்லியிருந்தான். இரண்டு நாளைக்கு முன்னால் உறுதி பார்க்க இன்னொரு தடவை அவளுக்கு ரத்தமும் எடுத்திருந்தார்கள். மிச்சத்தை அவளே யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"லாவண்யாவுக்கும் இதானா?"

"ஆமா" என்றான், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"அப்ப நீ வெரதத்தக் கெடுக்கல."

"இல்ல."

அவள் தூக்கைக் கீழே வைத்தாள். "யார்கிட்டேருந்து வந்துச்சி புள்ளைக்கு? எனக்கும் கீதுன்னு சொன்னியே."

என் கத்தி அவன் கன்னத்தில் இருந்தது. கண்ணாடியில் அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம், வாயைத் திறக்காதே.

"எங்கிட்டேருந்துதான். உன்னுது லேசு. அது புள்ளைக்குப் போவாது, டாக்டரே சொன்னாரு."

என் கத்தி பிசகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தத் தழும்பின் மேல் கத்தி பட்டது அதுதான் முதல் தடவை. சோப்பு நுரையில் சிவப்பு இறங்கியது. நான் படிகாரக் கல்லைத் தேடினேன். அதற்குள் நாகவல்லி படியேறி உள்ளே வந்து, பலகையில் இருந்த பஞ்சை எடுத்து அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். பத்து நிமிஷம் எடுக்காமல் அழுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உன் ரத்தமா மாமா எம் பொண்ணக் கொண்டுபோச்சி" என்றாள். இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்த மாமா. அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் கையை எடுக்கவில்லை.

"ஆமா" என்றான் அவன்.

அழுத்திப் பிடித்த கையில் சேலை விலகியிருந்தது. முழங்கையின் உள்பக்கம் ஊசி குத்தின இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. கண்ணாடியில் அவனும் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன். அவளுக்கு அவன் கன்னம் மட்டும்தான் தெரிந்தது.

கோயிலில் பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆகியிருந்தது. ரத்தம் நின்றிருக்கும்.

"பத்து நிமிஷம் ஆச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஆவல" என்றான் மனோகரன்.