வாங்க, பையத் தொறங்க

ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கைத் தேவாலயங்களில் குண்டு வெடித்த வருஷம், பள்ளிக்கூடங்களைத் திரும்பத் திறந்தபோது, பிள்ளைகளின் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டணத்தில் பெற்றோர் முறை வைத்து வாசலில் நின்றார்கள். எங்களுடையது திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். எங்கள் பிள்ளைகளின் அம்மாமார் அந்த நேரத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் கங்காணி அன்றைக்குப் பேர் போடமாட்டார், சம்பளமும் கிடையாது. பள்ளிக்கூட அதிபர் பொலிஸில் போய் நிலைமையைச் சொன்னார். அவர்கள் ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார்கள்.

மாத்தறைப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். கல்யாணமாகாத இளவட்டம். எங்கள் குளிரைத் தாங்காமல் காக்கிச் சட்டைக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். அதனால் கைகளை உடம்போடு ஒட்டி வைக்க முடியாமல், பறக்கப் போகிறவர் மாதிரி விரித்தபடியே நின்றார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நான் அங்கே சிங்களம் படிப்பிக்கிற டீச்சர். ஆகவே அவருக்குப் பக்கத்தில் மேசை போட்டு என்னையும் உட்கார வைத்துவிட்டார் அதிபர்.

இரண்டாம் நாள் அவரே கேட்டார், பையைத் திறக்கச் சொல்வதற்குத் தமிழில் என்ன சொல்ல வேண்டும் என்று. “வாங்க, பையத் தொறங்க” என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளிடம் அப்படிப் பேசமாட்டோம் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் லயத்து வீட்டுக்கு விசாரணைக்கு வந்த பொலிஸ்காரர்கள் எல்லாரும் என் அப்பாவை வா, போ, ஒக்காரு என்றுதான் பேசியிருக்கிறார்கள். தெரிந்த தமிழே அவ்வளவுதான் அவர்களுக்கு. காக்கிச் சட்டையின் வாயிலிருந்து ஒரு “வாங்க” வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது.

அவர் நல்ல மாணவர். மூக்கொழுகிக்கொண்டு வந்த முதலாம் ஆண்டுப் பையனைப் பார்த்து, “வாங்க, பையத் தொறங்க” என்றார். அவன் பின்னால் திரும்பி யார் வருகிறார்கள் என்று பார்த்தான். ஒரு கிழமைக்குள் “நில்லுங்க”, “ஓடாதீங்க”, “மூக்கத் தொடைங்க” எல்லாம் சேர்ந்துகொண்டன. திட்டுவதும் மரியாதையாகவே நடந்தது.

விஷயம் லயங்களுக்குப் போய்விட்டது. எங்கள் அதிபர் நல்ல மனிதர், ஆனால் பிள்ளைகளை டேய், ஏய் என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அம்மா அவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்னா சேர், பொலிஸே எங்க புள்ளைய வாங்க போங்கன்னு கூப்புடுது. படிச்சுக் குடுக்கிற நீங்க டேய்ங்கிறீங்க.”

அதிபர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த கடுதாசிப் பூக்களை எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அடுத்த கிழமை, சோதனை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் பொலிஸ் பொறுப்பதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கான்ஸ்டபிள் விறைப்பாக நின்றார். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி மேசைக்கு வந்தாள். அவள் முதுகில் இருந்த பை அசைந்தது. கான்ஸ்டபிள் அதைத் திறக்காமலே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். பொறுப்பதிகாரி கவனித்துவிட்டார். திறக்கச் சொன்னார்.

பையின் சிப்பை இழுத்ததும் ஒரு செங்கோழி வெளியே பாய்ந்து மேசையில் ஏறி, பொறுப்பதிகாரியின் தொப்பியை இடித்துக்கொண்டு ஓடியது. கான்ஸ்டபிள் கையை விரித்துக்கொண்டே பின்னால் ஓடினார். பதற்றத்தில் படித்த தமிழெல்லாம் வெளியே வந்தது.

“நில்லுங்க, நில்லுங்க. ஓடாதீங்க. வாங்க, இங்க வாங்க.”

வரிசையில் நின்ற பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஜீப் டிரைவருக்குத் தமிழ் தெரியும். அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். என்ன சங்கதி என்று பொறுப்பதிகாரி கேட்டதற்கு, மாமனாரிடம் பேசுகிற மாதிரி கோழியிடம் பேசுகிறார் சேர் என்று சிங்களத்தில் விளக்கமும் கொடுத்தார்.

பொறுப்பதிகாரி என் பக்கம் திரும்பினார். தமிழில் வேறு விதமாகப் பேச வழியில்லையா என்று கேட்டார்.

“இருக்கு சேர்” என்றேன் சிங்களத்தில். “அது உங்க ஆட்களுக்கு ஏற்கனவே தெரியும்.”

அவர் தொப்பியைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த இறகை எடுத்து மேசையில் வைத்தார்.

கோழியைப் பிடித்தது அதிபர்தான். சமையலறையிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து வந்து, பா, பா, பா என்று கூப்பிட்டார். வந்துவிட்டது. வீட்டில் ஆளில்லாத நேரத்தில் நாய் பிடித்துவிடும் என்று அந்தப் பிள்ளை ஒரு கிழமையாகவே அதைக் கொண்டு வந்து விறகுக் கொட்டகையில் விட்டு வைத்திருக்கிறாள். தினமும் வாசலில் அதைச் சோதிக்காமல் உள்ளே விட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கான்ஸ்டபிள் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிபர் எல்லாருக்கும் முன்னால் கோழியை நீட்டி, “இந்தாங்கம்மா, புடிங்க” என்றார். அவர் வாயால் இப்படிக் கேட்டதேயில்லை என்பதால் தன்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு விலக்கிவிட்டார்கள் என்று நினைத்து அந்தப் பிள்ளை ஓவென்று அழத் தொடங்கினாள். அவளைச் சமாதானப்படுத்த அவர் “ஏய், அழாதடி” என்று அதட்ட வேண்டியிருந்தது. உடனே நிறுத்தினாள்.

பொறுப்பதிகாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, கையைக் கூப்பி எங்களைப் பார்த்து “வாங்க” என்றார். போய்வருகிறேன் என்பதற்கு அதுதான் என்று நினைத்திருக்க வேண்டும். நாங்களும் கும்பிட்டோம். ஜீப்பில் ஒருவரும் ஏறவில்லை.

சில மாதங்களில் சோதனை தானாகவே நின்றது. கான்ஸ்டபிளை வலப்பனைக்கு மாற்றினார்கள். போகிற அன்று கோழிக்காரப் பிள்ளையின் அம்மா பெரட்டுக்குப் பிந்திப் போனாலும் பரவாயில்லை என்று அவித்த முட்டைகளோடு வந்து நின்றார். கான்ஸ்டபிள் ஒன்றை அங்கேயே உரித்துத் தின்றார், மற்றவற்றை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.