கடைசிப் பலகை

மதியம் ஒன்றரைக்கு ஐஸ் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. என் அண்ணா சற்குணம் தண்ணீர்த் தொட்டியருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம்; ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். சரி என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தேன்.

துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் அந்தத் தொழிற்சாலையில், தண்ணீருக்குக் குளோரின் போடுவது அவர் வேலை. இரண்டு தொட்டிகளிலும் விசிறி சுழன்று கலக்கும். அப்படியிருந்தும் கிருமி மிச்சமிருந்து தண்ணீர் பரிசோதனையில் தேறவில்லை. அண்ணா ஒரு தொட்டியில் விசிறியை நிறுத்தி, தண்ணீர் வளைந்து வளைந்து போகும்படி குறுக்கே பலகைகள் வைத்தார்.

“கலக்கினாத்தானே மருந்து பிடிக்கும்? கூப்பன் அரிசிக்கு வரிசையில நிக்க இதென்ன சங்கக்கடையே?” என்று முதலாளி சிரித்தார்.

“கலக்கினா இப்ப வந்த தண்ணியும் உடன வெளியால ஓடிடும், ஐயா. வரிசையில போனா எல்லாத் தண்ணியும் மருந்தோட நிண்டுதான் போகும்.”

நிறம் வெளுக்காதபடி குளோரினை நிறுத்திவிட்டு, கேசரித்தூளைக் கரைத்து இரண்டிலும் ஊற்றிக் காட்டினார். கலக்கும் தொட்டியில் சிவப்பு உடனே வெளிக்குழாய்க்கு வந்து, நெடுநேரம் வெளிறி வெளிறி ஓடியது. பலகைத் தொட்டியில் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒன்றாக வந்து ஒன்றாகப் போனது. இரண்டும் ஒரே அளவுத் தொட்டிகள்.

“சரி, மற்றதுக்கும் போடும்,” என்றார் முதலாளி.

இரண்டாவது தொட்டியில் பலகைகளைப் பொருத்தும்போதுதான் அண்ணா விழுந்திருக்கிறார். அவருடைய சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கத் தொழிற்சாலைக்குப் போனேன். கடைசிப் பலகை சுவரில் சாய்ந்திருந்தது. அது இல்லாத இடைவெளியால் தண்ணீர் நேரே வெளிக்குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.